கடதாசி முடிஞ்சு போச்சு

திரையில் அந்த இலக்கம் விழுந்ததும் யசோதினி இடைவேளைப் பொத்தானை அமத்தினாள். யோசித்து அமத்தினாள் என்று சொல்ல முடியாது. இரண்டு வருசமாக விரலுக்குப் பழகிப்போன வேலை. லா சப்பல் பகுதியில் அவளுடைய அப்பா தவரத்தினம் வேலை செய்கிற தபாக் கடையின் இலக்கம் அது. சிகரெட்டும் பத்திரிகையும் லொத்தர் சீட்டும் விற்கிற கடை. அங்கிருந்து வருகிற அழைப்பை அவள் எடுப்பதில்லை. இடைவேளையில் இருக்கிற ஆளைத் தாண்டி அழைப்பு அடுத்த மேசைக்குப் போய்விடும். அடுத்த மேசையில் ஆனைஸ் இருந்தாள்.

2016 கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை. நேரம் ஏழு நாற்பது. எட்டேகாலுக்கு அன்றைய குலுக்கலுக்கான சீட்டுப் பதிவு பூட்டிவிடும். அதற்கு முந்தின அரை மணித்தியாலம்தான் கிழமையிலேயே கொடுமையான அரை மணித்தியாலம். கடதாசி சிக்கினாலும், திரை உறைந்தாலும், இரகசிய இலக்கம் மறந்துபோனாலும், லொத்தர் மெசின் வைத்திருக்கிற கடைக்காரர் எல்லாரும் சென்-தெனியில் இருக்கிற இந்த உதவி மண்டபத்துக்குத்தான் போன் அடிப்பார்கள். முப்பது பேர் காதில் ஹெட்செட்டோடு இருப்பார்கள். அடிக்கிறவருக்கு யார் எடுப்பார் என்று தெரியாது. ஆளைக் கேட்டு வாங்கவும் ஏலாது. சும்மா இருக்கிற காதுக்கு அழைப்பை மெசினே கொடுத்துவிடும்.

ஆனைஸ் இரண்டு தரம் பொன்சூர் என்று வணக்கம் சொன்னாள். பிறகு ஒரு பக்கக் காதைக் கழற்றிவிட்டு யசோதினியைப் பார்த்தாள். யாரும் பேசவில்லை, ஆனால் ஆட்கள் கத்துகிறார்கள், உன்னுடைய மொழி மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். சொல்லிக்கொண்டே ஹெட்செட்டை நீட்டினாள்.

யசோதினி வாங்கிக் காதில் வைத்தாள்.

"அண்ணை, இஞ்சை பாருங்கோ. என்னைப் பாருங்கோ அண்ணை. மூச்சை விடுங்கோ. ஆராவது அந்தக் கதவைத் திறவுங்கோப்பா, காத்து வரட்டும்."

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். இரண்டு வருசத்துக்கு முந்தி இதே மாதிரி ஒரு மாலை, இதே லைனில், நான்தான் தவரத்தினம் என்று அவளுக்கே பொய் சொன்ன குரல். அது வாமதேவனுடைய குரல். அப்பாவின் கூட்டாளி. அவன் அண்ணை என்று கூப்பிடுகிறது உலகத்தில் ஒரே ஒரு ஆளைத்தான்.

"வாமன் மாமா. என்ன நடந்தது? மாமா, நான் யசோ."

அங்கே ரிசீவர் மேசையிலிருந்து தொங்கிக்கொண்டு கிடந்திருக்க வேண்டும். அவள் சொன்னது ஒருவருக்கும் கேட்கவில்லை. மண்டபத்தில் முப்பது தலையும் அவள் பக்கம் திரும்பியது. ஆனைஸ் அதற்கிடையில் தன்னுடைய கைபேசியில் அம்புலன்சுக்கு அடித்து, திரையைப் பார்த்துக் கடையின் விலாசத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். யசோதினி கோட்டையும் கைபேசியையும் எடுத்தாள், கைப்பையை மறந்துவிட்டு ஓடினாள்.

சென்-தெனி ஸ்ரேசனில் அடுத்த ரயிலுக்கு ஒன்பது நிமிசம் என்று பலகை சொன்னது. ஒன்பது நிமிசம் அவள் மேடையில் அங்கும் இங்கும் நடந்தாள். அப்பாவின் கைபேசிக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. இரண்டு வருசத்துக்குப் பிறகு முதல் தடவையாக அடிக்கிறாள், மனுசன் எடுக்கவில்லை. திருப்பி அடித்தாள். மனுசன் எடுக்கவில்லை.

அந்த இரண்டு வருசக் கதை இவ்வளவுதான். 2014 ஆனி மாதம், பதின்மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமை. எங்கள் சனம் பதின்மூன்று என்றால் முகத்தைச் சுளிக்கும். பிரெஞ்சுக்காரருக்கோ அன்றைக்குத்தான் அதிட்டம் கொட்டுமென்று நம்பிக்கை. பெரிய குலுக்கல் வைப்பார்கள், கடை வாசலில் வரிசை தெருவைத் தொடும். அன்றைக்குப் பார்த்து அம்மாவுக்குக் கண் ஒப்பிறேசன் முடிந்து வீட்டுக்குக் கூட்டிவர வேண்டியிருந்தது. தவரத்தினம் முதலாளிக்குச் சொல்லாமல், விசா இல்லாமல் அலைந்துகொண்டிருந்த வாமதேவனை மெசினில் நிறுத்தி, தன்னுடைய இரகசிய இலக்கத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மணித்தியாலத்தில் வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். மற்றவனின் இரகசிய இலக்கத்தில் மெசினைத் தொடுவதே குற்றம், அது இந்தத் தொழிலில் முதல் பாடம். பதற்றத்தில் வாமதேவன் மூன்று தரம் பிழையாக அடித்தான். மெசின் பூட்டிக்கொண்டது. உதவி லைனுக்கு அடித்து, பெயர் தவரத்தினம் என்றான். முப்பது காது இருக்க, அழைப்பு போய் விழுந்தது யசோதினியின் காதில்.

அவள் ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. நீங்கள் மிசியு தவரத்தினம் இல்லை என்று பிரெஞ்சில் சொல்லி, மெசினை அடுத்த நாள் மதியம் வரைக்கும் முடக்கினாள். அழைப்புகள் பதிவாகின்றன, விதி விதிதான். மேலாளர் அவளைப் பாராட்டி மின்னஞ்சல் போட்டார். கடை முதலாளி பிலிப் வரிசையில் நின்ற சனத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தவரத்தினத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வாமதேவனைத் தெருவில் விட்டார்.

அன்றிரவு வில்லியே லே பெல்லில் இருந்த தங்கள் வீட்டில், சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அப்பா ஒரு வசனம்தான் சொன்னார். "உனக்கு என்ரை குரல் தெரியும்தான். தெரியாத மாதிரி இருந்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

உங்கடை கள்ள வேலைக்கு என்னைக் கூட்டுச் சேர்க்காதேங்கோ என்றாள் மகள். கள்ளன் என்ற சொல்லை அந்த மனுசனுக்கு அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினார். மூன்று மாதத்தில் அவள் சென்-தெனியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போனாள். தகப்பனுக்கும் மகளுக்கும் ஒரே பிடிவாதம், நடுவில் கிடந்து தேய்ந்தது தாய் சாரதாதேவி.

கார் து நோர் ஸ்ரேசனில் இறங்கி ஓடினாள். கடை வாசலில் ஏழெட்டுப் பேர் கையில் நிரப்பிய சீட்டோடு நின்றார்கள். இரும்புக் கதவு பாதிக்கு இறங்கியிருந்தது. இன்னும் ஐந்து நிமிசம் இருக்கிறது, ஒரு சீட்டு மட்டும் பதிந்துவிட முடியாதா என்று ஒரு கிழவர் பிலிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிலிப் யசோதினியைக் கண்டதும் கதவைக் கொஞ்சம் உயர்த்தினார்.

அப்பா மெசினுக்குக் கீழே, மேசைக்குப் பின்னால், நிலத்தில் கிடந்தார். அவர் போட்டிருந்த சேட்டை நெஞ்சில் வெட்டியிருந்தார்கள். அம்புலன்ஸ்காரர் மூன்று பேர் அவர்மேல் குனிந்திருந்தார்கள், ஒருவர் நெஞ்சை அமத்திக்கொண்டிருந்தார். வாமதேவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிற ஏப்ரன் இன்னும் இடுப்பில் இருந்தது. மெசினின் மூடி திறந்து கிடந்தது. ஒரு கடதாசி ரோல் விழுந்து உருண்டு, வாசல் வரைக்கும் வெள்ளையாக விரிந்து கிடந்தது.

கடதாசி முடிந்திருக்கிறது, மெசின் பழையபடி தொல்லை கொடுக்க அடித்திருக்கிறார் என்று நினைத்தாள். பிறகு வேறொன்று நினைத்தாள். நெஞ்சு நோவுக்கு உதவி கேட்டு அடித்திருக்கிறார். நான் பொத்தானை அமத்திவிட்டேன். அந்த நினைப்பு வந்ததும் அவள் சிகரெட் அலுமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

அம்புலன்சில் வந்த டொக்டர் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டுப் பன்னிரண்டு என்று சொன்னார், இன்னொருவர் எழுதினார். மூன்று நிமிசம் கழித்து மெசின் தன் பாட்டுக்கு ஒரு சத்தம் போட்டது. பதிவு பூட்டியாயிற்று. வெளியே நின்றவர்கள் சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கலைந்தார்கள். பிலிப் குனிந்து, விரிந்து கிடந்த கடதாசியை மெல்ல மெல்லச் சுற்றி எடுத்தார். சுற்றி முடிக்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

இந்த நாட்டில் செத்தவரை எரிக்கவும் நாள் எடுக்க வேண்டும். ஆறு நாள் காத்திருந்தார்கள். வில்லியே லே பெல் வீட்டில் ஆட்கள் வந்து இருந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், மனுசன் நல்ல மனுசன் என்றார்கள். மகள் வந்திருக்கிறாள் போல என்று ஒருவர் காதுக்குள் ஒருவர் சொன்னார்கள். யசோதினி குசினியில் நின்று தேத்தண்ணி ஊற்றினாள். அழைப்பு தனக்குத்தான் வந்தது, தான் எடுக்கவில்லை என்பதை இரண்டாம் நாளே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. சாரதாதேவி கத்தவில்லை. சீனிப் போத்தலை எடுத்து மூடினா. அதற்குப் பிறகு தேவைக்கு மட்டும் கதைத்தா.

ஒரு கேள்வி மட்டும் யசோதினியின் நெஞ்சுக்குள் நின்று குத்தியது. அப்பா என்னத்துக்கு அடித்தார்? உயிர் போகிறபோது உதவிக்கா? அப்படியென்றால் கொன்றது நான்தான். அதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருவன்தான் உண்டு. ஒவ்வொரு சனியும் வேலை தொடங்க முந்தி அப்பாவோடு தேத்தண்ணி குடிக்கப் போகிற வாமதேவன், அவர் விழும்போது பக்கத்தில் நின்றவன். அவனும் தினம் வந்தான். கதிரை அடுக்கினான், தண்ணிப் போத்தல் தூக்கினான், அவள் நின்ற பக்கம் பார்க்கவில்லை. அவளும் கிட்டப் போகவில்லை. அவனைத் தெருவில் விட வைத்தவளுக்கு அவனிடம் கேள்வி கேட்க என்ன உரிமை?

வெள்ளிக்கிழமை எரிக்கிற இடத்தில், பெட்டி உள்ளே போகிறதுக்கு முந்தி, பொத்தானை அமத்தக் குடும்பத்தில் ஒருவர் வரலாம் என்று அங்கே வேலை செய்கிறவர் சொன்னார். எல்லாரும் யசோதினியைப் பார்த்தார்கள். ஒரே பிள்ளை. அவள் ஒரு அடி வைத்தாள்.

"வாமன் செய்யட்டும்," என்றா சாரதாதேவி.

யசோதினி வைத்த அடியைத் திரும்ப எடுத்தாள். முகம் எரிந்தது. இத்தனை சனத்துக்கு முன்னால் அம்மா அப்படிச் சொன்னது அவளுக்கு அறைந்த மாதிரி இருந்தது. வாமதேவன் அவளைப் பார்த்தான். ஆறு நாளில் முதல் தடவையாகப் பார்த்தான். பிறகு போய்ப் பொத்தானில் விரலை வைத்தான்.

வெளியே வந்ததும் அவள்தான் போய் அவனுக்கு முன்னால் நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கார்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா ஏன் போன் எடுத்தவர் மாமா? நெஞ்சு நோவு எண்டோ?"

வாமதேவன் ஏப்ரன் இல்லாத இடுப்பில் கையைத் துடைத்தான்.

"இல்லைப் பிள்ளை. அப்ப அவருக்கு ஒண்டும் இல்லை. சிரிச்சுக்கொண்டுதான் நிண்டவர். போன் மணி போகேக்கைதான் விழுந்தவர். அண்ணையின்ரை கோட்டும் கண்ணாடியும் கடையிலை கிடக்கு. வா, எடுத்துத் தாறன்."

ரயிலில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக இருந்து வந்தார்கள். சிரிச்சுக்கொண்டு நிண்டவர் என்ற சொல் அவளுக்குள் போய்க்கொண்டே இருந்தது. சீட்டுப் பதிவு பூட்ட அரை மணித்தியாலம் இருக்க, வரிசை நிற்க, மெசின் திறந்து கிடக்க, என்ன சிரிப்பு?

கடையில் அன்றைக்குச் சனம் குறைவு. பிலிப் பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தபடியால் தபாக் கடை நடத்த அனுமதி பெற்றவர். கோபம் வந்தால் பிரெஞ்சிலும், மற்ற நேரம் தமிழிலும் பேசுவார். கோட்டையும் கண்ணாடியையும் ஒரு பைக்குள் போட்டுக் கொடுத்தார். வாமதேவன் அவரைப் பார்த்து, லாச்சியையும் காட்டுங்கோ என்றான். பிலிப் தயங்கினார். பிறகு மெசினுக்குக் கீழே இருந்த அந்த இழுப்பறையை இழுத்தார். அது நிரம்பிக் கிடந்தபடியால் லேசில் வரவில்லை.

உள்ளே கடதாசி ரோல்கள். ஒவ்வொன்றும் முக்கால்வாசி மிச்சம். சிலது புதுசு மாதிரியே இருந்தது. எண்ணத் தேவையில்லை, லாச்சி மூட முடியாத அளவுக்கு இருந்தது. நுனியில் ஒவ்வொன்றிலும் திகதி. சிறிய சாய்ந்த எழுத்து, அப்பாவின் எழுத்து.

"தீராமலே கழட்டிடுவாரும்மா," என்றார் பிலிப். "கழட்டிட்டு, புதுசைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உங்க ஆபீசுக்கு போன் பண்ணுவாரு. கடதாசி முடிஞ்சு போச்சு, எப்படி மாத்துறதுன்னு கேப்பாரு. பதினோரு வருசமா அந்த மெசின்ல நிக்கிற ஆளு, கண்ண மூடிக்கிட்டு மாத்துவாரு. நான் கேட்டேன், எதுக்கு இந்த வேலைன்னு. விடுங்கோ மிசியு பிலிப்ன்னாரு. நீங்க இல்லாம வேற யாராச்சும் எடுத்தா, ரெண்டு வார்த்தை கேட்டுட்டு மெர்சின்னு நன்றி சொல்லி வச்சிடுவாரு."

யசோதினி லாச்சியைப் பார்த்தபடி நின்றாள். அழைப்புக் கணக்கைப் பார்த்து, அந்தக் கடையின் மெசினில் அச்சுப் பகுதி பழுதென்று இரண்டு தரம் ஆள் அனுப்பச் சொன்னதே அவள்தான். போனவன் குறை எதுவும் இல்லை என்று எழுதிக்கொடுத்திருந்தான். அவள் அதை நம்பவில்லை. பழைய மெசின், தொல்லை பிடித்த கடை என்று நினைத்து, இலக்கத்தைக் கண்டவுடன் பொத்தானை அமத்தினாள். எத்தனை தரம் அமத்தியிருப்பாள்?

ஒரேயொரு தரம் பிந்திவிட்டது. போன தை மாதம். விரல் போக முதல் அழைப்பு காதுக்குள் வந்துவிட்டது. பொன்சூர் மதாம், கடதாசி முடிஞ்சு போச்சு என்று அப்பா உடைந்த பிரெஞ்சில் சொன்னார். பெற்ற மகளை மதாம் என்றார். அவளும் பெற்ற தகப்பனை மிசியு என்றாள். எழுதி வைத்த வசனங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூடியைத் திறவுங்கள், பச்சைப் பிடியைத் தள்ளுங்கள், நுனியை மேலே எடுங்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் ஓம் போடுகிற மாதிரி வுய் மதாம், வுய் மதாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்டாள், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று. மற்றப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, இல்லை மதாம், அவ்வளவுதான் என்றார். குரலைத் தெரியாது என்று இரண்டு பேரும் நடித்தார்கள். அந்த இரவு சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் அவர் கேட்டபடியே அவள் தெரியாத மாதிரி இருந்தாள்.

"அண்டைக்கு நீ எடுத்தனியெண்டு சொன்னவர்," என்றான் வாமதேவன். அவன் மெசினைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். "அந்தக் கிழமை முழுக்க அதுதான் கதை. பிள்ளை வடிவாப் பிரெஞ்சு கதைக்கிறாள் வாமா, ஒரு சொல்லும் பிசகேல்லை எண்டு. தமிழிலை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை எண்டன். அது பதிவாகுமாம், உன்ரை வேலைக்குக் கேடாம். முதலும் ஒருக்கா உனக்குக் கேடு வைக்கப் பாத்ததாம்."

யசோதினிக்கு அழுகை வந்தது. ஆறு நாள் வராதது இப்போது, சிகரெட் வாங்க வந்த ஒருவனுக்கு முன்னால் வந்தது. அடக்கவில்லை. பிலிப் அவனுக்கு மீதிக் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு வாசல் பக்கம் போய் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மேசைக்குப் பின்னால் போனாள். மெசினின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ரோலைக் கழற்றினாள். லாச்சியிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ரிசீவரைத் தூக்கி உதவி லைனுக்கு அடித்தாள். ஒரு ஆண் குரல் வந்தது. வைத்துவிட்டாள். திருப்பி அடித்தாள், வேறொரு பெண். மெர்சி என்று சொல்லி வைத்தாள். மூன்றாம் தரம் அடிக்கும்போது, யார் வருவார் என்று தெரியாமல் மணியைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று விளங்கியது. அவர் சிரித்துக்கொண்டு நின்றதும் விளங்கியது.

"பொன்சூர்," என்றாள் ஆனைஸ்.

யசோதினி கடதாசி முடிந்துவிட்டது என்றாள்.

மற்றப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது. இரண்டு வருசம் பக்கத்து மேசை, ஆனைஸுக்கு அவளுடைய குரல் தெரியாமல் இருக்க வழியில்லை. திரையில் எந்தக் கடை என்றும் விழுந்திருக்கும். பிறகு அவள் விதிப்படி கடை இலக்கத்தைக் கேட்டாள். யசோதினி சொன்னாள். பெயரைக் கேட்டாள்.

"தவரத்தினம்."

அந்தப் பெயருக்குரிய மனுசனை அன்று காலையில்தான் எரித்தார்கள் என்று ஆனைஸுக்குத் தெரியும். மண்டபத்தில் எல்லாரும் சேர்ந்து பூவளையம் அனுப்பியிருந்தார்கள். அழைப்பு பதிவாகிக்கொண்டிருந்தது. யசோதினி ரிசீவரை இறுக்கிப் பிடித்தாள். இதே பெயரைக் கேட்டபோதுதான் அவள் இரண்டு வருசத்துக்கு முந்தி வாமதேவனிடம், நீங்கள் அவரில்லை என்று சொன்னாள்.

விசைகள் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது.

"மெர்சி, மிசியு தவரத்தினம்," என்றாள் ஆனைஸ். "மூடியைத் திறவுங்கள்."

மூடி ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. யசோதினி அதை மூடிவிட்டு, சொன்னபடி மறுபடி திறந்தாள். பச்சைப் பிடியைத் தள்ளச் சொன்னாள் ஆனைஸ், இவள் தள்ளினாள். ரோலை வைக்கச் சொன்னாள், வைத்தாள். நுனியை மேலே எடுக்கச் சொன்னாள். அப்பா எழுதிய திகதி மேலே வந்தது. ஒன்றும் தெரியாத ஆளுக்குச் சொல்கிற மாதிரி ஆனைஸ் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் சொன்னாள். யசோதினி ஒவ்வொன்றுக்கும் வுய் மதாம் என்றாள்.

வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று ஆனைஸ் கேட்டாள்.

யசோதினி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஆனைஸும் லைனை வெட்டவில்லை. மெசின் விழித்து, திகதி எழுதிய நுனியை முன்னால் விட்டு ஒரு சாண் வெறும் கடதாசியை வெளியே தள்ளியது. வாமதேவன் அதைக் கிழிக்கக் கை நீட்டினான், அண்ணையின் எழுத்தைக் கண்டு கையை எடுத்துக்கொண்டான்.